எழுபது எழுத்தும் இரண்டு சம்பந்திகளும்

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற கண் சிகிச்சைப் பிரிவில் இப்போது ஆராய்ச்சித் தாதியாக இருப்பவள். எழுத்து அட்டைகளெல்லாம் போய்த் திரை வந்துவிட்டதாம். பித்தானை அழுத்தினால் எழுத்துகள் தாமாக இடம் மாறிக்கொள்கின்றனவாம். பழைய வழிகாட்டிக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து ஒதுக்கும்போது, அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறாள்: 'ஒரே நோயாளிக்கு ஒரே அட்டையை அடுத்தடுத்த சோதனைகளில் காட்டக் கூடாது.'

"அக்கா, இந்த ரூல் மட்டும் ஏன் இவ்ளோ பெரிசா இருக்கு? யாரு போட்டது?"

"பாடாங் செராய்ல ஒரு கிராணி," என்றேன்.

"டாக்டர் இல்லையா?"

"கிராணிடி. செம்பனை ஆலையில லோரிக்கு எடை போட்டுக் கணக்கு எழுதுனவரு."

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை வந்து சொல்லுங்கள், பத்து நிமிடம் தருகிறேன் என்றாள். பத்து நிமிடத்தில் அந்தக் கிராணி லெட்சுமணன் ஐயா நாற்காலியில் சாய்ந்து உட்காரக்கூட மாட்டார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தாதியர் கல்லூரி, பிரசவ வார்டு, எலும்பு வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்றியதை ஒரே வரியில் முடித்துவிடலாம்: எங்கே ஆள் குறைவோ அங்கே பத்மா. கண் பிரிவுக்கு வந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு என்னை யாராலும் அசைக்க முடியவில்லை. அசைக்க வந்தவர்களிடம் டாக்டர் ரொஹானி, "இவளை எடுத்தால் என்னையும் எடுங்கள்" என்று சொன்னதாகக் கேள்வி. என்னிடம் அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. என்னிடம் அவர் சொன்னதெல்லாம் "தூலிஸ்" தான். மலாயில், எழுது.

டாக்டர் ரொஹானி எங்கள் கண் நிபுணர். குள்ளமான அம்மா. முக்காட்டில் காதோரமாக ஒரு பென்சில் செருகியிருக்கும். தன் அறையில் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த காச்சாங் கடலையை உரித்துக்கொண்டேதான் நாம் சொல்வதைக் கேட்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. தப்பு சின்னது என்றால் கடலை தொடர்ந்து உடையும். தப்பு பெரியது என்றால் சத்தம் நின்றுவிடும். அந்த அமைதிக்கு மருத்துவமனையே பயந்தது. அவர் மலாயில் பேசியதை எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

எங்கள் முதல் ஆராய்ச்சி கண் காயங்களைப் பற்றியது. காயத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமும் எப்படி அடிபட்டது என்று கேட்டு, ஒரு படிவத்தில் குறிக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் உலகத்தில் யாரும் கண்ணில் அடிபட்ட கதையை நேராகச் சொல்வதில்லை என்று அந்த வேலையில்தான் கற்றேன்.

கோலா கெடாவில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த சாகுல் அண்ணன் ஒருநாள் வந்தார். கண் வீங்கி, விழிக்கு முன்னால் ரத்தம் கட்டியிருந்தது.

"இறால் பெட்டி தூக்கறப்ப கொம்பு குத்திருச்சு மிஸ்ஸி," என்றார். எங்கள் பக்கம் யாரும் தாதி என்று கூப்பிட மாட்டார்கள், மிஸ்ஸிதான்.

காரணம் என்ற இடத்தில் 'இறால் கொம்பு' என்று எழுதிக்கொண்டேன். டாக்டர் கருவியில் குனிந்து நெடுநேரம் பார்த்தார். இமைமேல் ரப்பர் முத்திரை குத்தியதுபோல் வட்டமாக ஒரு கன்றல். கண்ணின் மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் நிமிராமலே, வழி கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்:

"சிங்கிள்ஸா, டபள்ஸா?"

"டபள்ஸ் டாக்டர்," என்றார் சாகுல் அண்ணன்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதுகுவலி என்று மருத்துவ விடுப்பு வாங்கிக்கொண்டு பூப்பந்து ஆடப் போயிருக்கிறார். எதிர்ப்பக்கத்து ஆள் அடித்த பந்து நேராகக் கண்ணில். நான் சிரிப்பை அடக்க மருந்து அலமாரியைத் திறந்து மூடினேன். டாக்டர் சிரிக்கவில்லை. "முதுகு இப்போது எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், ஒரு வாரம் குனியக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். சாகுல் அண்ணன் போன பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார்:

"அவர் சொன்னதையும் எழுது. நடந்ததையும் எழுது. ஆளைத் திட்டாதே. திட்டினால் அடுத்து வருபவன் இறாலைக்கூடச் சொல்ல மாட்டான்."

இரண்டாவது ஆராய்ச்சி கண்புரை அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றியது. அறுவை நன்றாகவே முடிந்திருக்கும். ஆனால் சில வாரம் கழித்துச் சிலருக்குக் கண்ணின் பின்பக்கத் திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம், விட்டுவிட்டால் நிரந்தரமாகக் கெடலாம். எந்தச் சொட்டு மருந்து இதைத் தடுக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டு மருந்துகள், ஒரே மாதிரிக் குப்பி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்வையைச் சோதிக்கிற எனக்கும் தெரியாது.

முதலில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும். வரக்கூடிய சிக்கல்கள் ஒரு பக்கத்துக்கு இருக்கும். ஒரு பாட்டையா கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மிஸ்ஸி. இதுல எனக்கு எது வரும்னு மட்டும் சொல்லிடுங்க, கையெழுத்து போட்டுடறேன்," என்றார்.

ஆனால் எனக்குக் கஷ்டமாக இருந்தது படிவம் இல்லை, முகம். பார்வைச் சோதனைக்கு ஒரு விளக்குப் பெட்டி உண்டு. அதில் அட்டையைச் செருகினால் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். ஓர் அட்டையில் பதினாலு வரி, வரிக்கு ஐந்து ஆங்கில எழுத்து, மொத்தம் எழுபது. மேலே பெரிசு, கீழே போகப் போக எறும்பு அளவு. வலது கண்ணுக்கு ஒன்றாம் அட்டை, இடது கண்ணுக்கு இரண்டாம் அட்டை. நாடா பிடித்து நாலு மீட்டர் அளந்து நாற்காலி போட வேண்டும். ஒரு கண்ணை மூட வேண்டும். நோயாளி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார். சரியென்றால் ஒரு வட்டம், தப்பென்றால் ஒரு கோடு. தெரியவில்லை என்றால், ஊகித்தாவது சொல்லுங்கள் என்று ஒருமுறை கேட்கலாம். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. "ம்ம்" என்று சொல்லக் கூடாது.

"ஜாங்கான் தோலோங்," என்றார் டாக்டர். உதவாதே. அத்தனை வருடம் உதவுவதற்கென்றே சம்பளம் வாங்கியவளிடம் சொன்ன வார்த்தை அது.

என்னைச் சோதிக்க அவரே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே மாற்றிச் சொன்னார்.

"உன் புருவம் சொல்லிவிட்டது," என்றார். அடுத்த எழுத்தில், "இப்போது உன் கழுத்து சொன்னது."

மறுநாள் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். வீட்டிலும் பழகினேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது என் கணவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் என்ன செஞ்சேன்னு சொல்லிட்டாவது கோவப்படு," என்றார். நோயாளிகள் இன்னும் மோசம். ஓர் அம்மா வெளியே போய், "அந்த மிஸ்ஸிக்குப் பல்லு வலி போல. பாவம், லீவு குடுக்க மாட்டேங்கறாங்க," என்று வரிசையில் இருந்தவர்களிடம் சொன்னதை நானே கேட்டேன்.

இனி சம்பந்திகளுக்கு வருகிறேன்.

லெட்சுமணன் ஐயா பாடாங் செராய்க்காரர். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடுகிற மேடையில் முப்பது வருடம் கிராணியாக இருந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேச்சில் ஒரு மேலதிகாரித்தனம். சின்னையா ஐயா கரங்கானில் செம்பனைக் குலை வெட்டியவர். இவர் வெட்டியதை அவர் எடை போட்டிருக்கிறார். பிறகு அவர் மகன் இவர் மகளைக் கட்டிக்கொள்ள, இருவரும் சம்பந்திகளாகிவிட்டார்கள். அதிலிருந்து இருவருக்கும் எதிலும் போட்டி. பேரப்பிள்ளை யார் சாயல் என்பதில் தொடங்கி, யாருக்குச் சர்க்கரை குறைவு என்பதுவரை.

முதலில் கண் அறுவை செய்துகொண்டவர் லெட்சுமணன் ஐயா, வலது கண்ணில். மறுவாரமே ஊரெல்லாம் பிரசங்கம் செய்து நாலு பேரை எங்களிடம் அனுப்பி வைத்தார். அதில் ஒருவர் சின்னையா ஐயா. அவருக்கும் வலது கண்தான்.

சின்னையா ஐயாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அதற்கென்று வேறு அட்டை இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"சம்பந்திக்கு எந்த அட்டையோ அதே அட்டைதான் எனக்கும்."

"உங்களுக்கு எழுத்து தெரியாதே ஐயா."

"பேரு தெரியாது. கண்ணு தெரியுதுல்ல? நான் பாத்ததைச் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

முதல் வரியைப் பார்த்து, ஒரே சீராகச் சொன்னார்: "முழு வடை. ஏணி. கடிச்ச வடை. பாம்பு. தொப்பை."

நான் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். ஓ, எச், சி, எஸ், டி. ஐந்தும் சரி. ஆனால் வடையைச் சரியென்று போடலாம் என எந்த விதியிலும் இல்லை. சோதனையை நிறுத்திவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் கடலை உரிப்பதை நிறுத்தி, கண்ணை மூடி யோசித்தார்.

"ஒவ்வொரு முறையும் அதே எழுத்துக்கு அதே வடையா?"

"ஆமாம் டாக்டர்."

"கடித்த வடைக்கும் முழு வடைக்கும் வித்தியாசம் தெரிகிறதா?"

"தெளிவாகத் தெரிகிறது."

"அதைத்தானே நாம் சோதிக்கிறோம். ஏற்றுக்கொள். எந்தப் பெயர் எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டு அவர் கோப்பில் வை. தூலிஸ்."

அந்தப் பட்டியலில் நான் கையெழுத்திட, டாக்டர் எதிர்க்கையெழுத்திட்டார். அரசாங்கக் கோப்பில் 'கடித்த வடை' ஏறியது என் பணிக்காலத்தில்தான்.

லெட்சுமணன் ஐயா படிப்பது வேறு மாதிரி. "ஓ எச் சி... எஸ் டி," என்று மூன்று எழுத்துக்கு ஒரு சிறிய நிறுத்தம் விடுவார். முப்பது வருடம் லோரி நம்பர் பிளேட் படித்த வாய். தூரத்தில் வருகிற லோரியைப் பார்த்தே எண், ஓட்டுநர் பெயர், போன வாரம் ஏற்றி வந்த எடை எல்லாம் சொல்லிவிடுவாராம். அதைப் பெருமையாக என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அப்போதே எனக்கு மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

மதிப்பெண்ணை நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. இந்த இருவருக்கும் நான் சொல்லவே தேவையில்லை. விரலை மடக்கி அவர்களே எண்ணிக்கொண்டார்கள். முதல் வாரச் சோதனையில் லெட்சுமணன் ஐயாவுக்கு அறுபத்தொன்று. சின்னையா ஐயாவுக்கு அறுபது.

"படிச்சவனுக்கும் படிக்காதவனுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்," என்றார் சின்னையா ஐயா, வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து.

ஆறாவது வாரச் சோதனைக்கு மட்டும் நோயாளிகளை மருத்துவமனைக்கு அலைய விடாமல் நானே பெட்டியோடு ஊருக்குப் போவேன். முன்னைவிடப் பத்து எழுத்துக்கு மேல் குறைந்தவர்களை மட்டும் ஸ்கேன் எடுக்க அழைத்து வர வேண்டும். மற்றவர்களை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். பாடாங் செராயில் ஒரு கோயில் மண்டபத்தைக் கொடுத்தார்கள். நாடா பிடித்து அளந்து, தரையில் ஒட்டுக்காகிதம் ஒட்டி, பெட்டியை வைத்தேன்.

சின்னையா ஐயா முதலில் வந்தார். வலது கண்ணில் அறுபத்தாறு. பாம்பும் வடையுமாகக் கடைசி வரிவரை போய்விட்டார். பிறகு இரண்டாம் அட்டையை மாற்றி இடது கண்ணையும் பார்த்தேன். எழுந்ததும் விரலைக் கண்ணெதிரே விரித்துக் காட்டிக்கொண்டே போனார். "சம்பந்தி, அறுவத்தாறு. பாத்துக்குங்க." வெளியே ஒரே பேச்சு. அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்காரர்கள் கறிபா பலகாரமும் தேநீரும் கொண்டுவந்து, என் படிவத்தின் மேலேயே தட்டை வைத்தார்கள். நான் அதை நகர்த்தித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே லெட்சுமணன் ஐயா வந்து உட்கார்ந்து, தானே இடது கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா மிஸ்ஸி?"

ஆரம்பித்தார். முதல் எழுத்தில் ஒரு கணம் தயங்கினார். கழுத்தை முன்னால் நீட்டினார். "இது... இல்ல, சரிதான். ஓ," என்றார். பிறகு தடையே இல்லை. "எச் சி... எஸ் டி." அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மழை மாதிரி கொட்டினார்.

நான் ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். அநேகமாக எல்லாமே தப்பு. இரண்டாவது வரியில்தான் எனக்கு விளங்கியது. பெட்டியில் இருப்பது இரண்டாம் அட்டை. மாற்ற மறந்துவிட்டேன். அவர் படிப்பதோ ஒன்றாம் அட்டை. அது எனக்கும் தலைகீழ்ப் பாடம். ஓர் எழுத்து பிசகாமல், அங்கே இல்லாத ஓர் அட்டையை அவர் அவ்வளவு அழகாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மேல் வரி எழுத்து உள்ளங்கை அளவு இருக்கும். அது தெரிந்திருந்தால், வேறு அட்டை என்று உடனே கண்டுபிடித்திருப்பார். முதலில் தயங்கியது அதனால்தான். கண் ஏதோ மங்கலாகச் சொன்னது. அவர் கண்ணை நம்பவில்லை, நினைவை நம்பினார்.

அந்தப் பத்து நிமிடம்போல என் முகத்தை நான் எப்போதும் பிடித்து வைத்ததில்லை. சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவர் பதின்மூன்றாவது வரியில் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"இதுக்குக் கீழ வேணாம் மிஸ்ஸி. ரொம்ப ஆசைப்படக் கூடாது," என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு விரலைப் பார்த்தார். "அறுவத்தி ஒண்ணு மாறாம இருக்கில்ல?"

தற்செயலாகப் பொருந்தியது நாலு எழுத்து. நாலு என்று எழுதினேன். வெளியே போய் மாமரத்தடியில் நின்று டாக்டரைக் கூப்பிட்டேன். பின்னணியில் கடலை உடையும் சத்தம் கேட்டது.

"எத்தனை?"

"நாலு டாக்டர்."

"போன தடவை?"

"அறுபத்தொன்று. டாக்டர், ஒரு விஷயம். அட்டையை மாற்ற மறந்துவிட்டேன். என் தப்பு."

நடந்ததைச் சொன்னேன். கடலைச் சத்தம் நின்றுவிட்டது. நான் மாமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் தப்பை எழுதிவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"எழுது. எழுதிவிட்டு அவரை அழைத்து வா."

"இன்றைக்கேவா?"

"இன்றைக்கே."

உள்ளே போய் லெட்சுமணன் ஐயா பக்கத்தில் உட்கார்ந்தேன். சோதனை முடிந்துவிட்டதால் வாயைத் திறக்கலாம்.

"ஐயா, நீங்க படிச்சது ஒண்ணாம் நம்பர் அட்டை. அங்க இருக்கறது ரெண்டாம் நம்பர்."

அவர் நெடுநேரம் பெட்டியின் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, உண்மையாகவே மனம் புண்பட்டவராகச் சொன்னார்:

"என்ன மிஸ்ஸி இது. பரீட்சையில கேள்வியை மாத்தறது நியாயமா?"

"எத்தனை நாளா தெரியல ஐயா?"

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"ரெண்டு வாரமா. நடுவுல மட்டும்தான் மிஸ்ஸி, சுத்தி எல்லாம் தெரியுது. வீட்டுக்காரி வந்து நின்னா தோடு ரெண்டும் தெரியுது, மூக்குத்தி தெரியல. மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணும் இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? நாலு பேரை நான்தானே போங்க போங்கன்னு தள்ளி விட்டேன். இப்ப எனக்கே போயிருச்சுன்னா மத்தவங்க பயந்து கண்ணைக் காட்ட மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சம்பந்தி வேற வெளிய நிக்கறாரு."

"அவரு சிரிப்பாருன்னா?"

"சிரிச்சா பரவாயில்ல மிஸ்ஸி. பாவம்னு சொல்லுவாரு. அதைத்தான் தாங்க முடியாது."

இந்தக் கண் போய்விட்டால், புரை மூடிய இடது கண்ணோடுதான் அவர் இருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு தாண்டிவிடலாம் என்று பார்த்திருக்கிறார்.

மருத்துவமனை வேன் இன்னொரு ஊருக்குப் போயிருந்தது. சின்னையா ஐயாவிடம், டாக்டர் இவரை ஒருதடவை பார்க்க வேண்டும் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் லெட்சுமணன் ஐயாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என் காடியில போலாம். நான் ஓட்டறேன். அறுவத்தாறு கண்ணு," என்றார்.

விளக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க, முன்னால் போன லோரிகளின் நம்பரை சின்னையா ஐயாதான் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார், எண்ணை எண்ணாகவும் எழுத்தைத் தன் பாணியிலும். கேட்டுக்கொண்டிருந்த லெட்சுமணன் ஐயா, "அது ஏணி இல்ல சம்பந்தி, எச்," என்று ஒருதடவை திருத்தினார்.

டாக்டர் ரொஹானி செருப்புப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்தார். ஸ்கேனுக்கு முன்பு லெட்சுமணன் ஐயாவை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"முழு அட்டையும் மனப்பாடமா?"

லெட்சுமணன் ஐயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லுங்கள், கேட்கிறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, பதினாலு வரியையும் சொன்னார். அறுபத்தொன்றுக்கு மேல், அவர் முன்பு படிக்கவே முடியாத வரிகளும் அதில் இருந்தன. எங்கிருந்து பிடித்தார் என்று கேட்டதற்கு, அறையிலிருந்து வெளியே போகும்போது பெட்டியைக் கடந்துதானே போக வேண்டும் என்றார். டாக்டர் கடைசி எழுத்துவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி," என்றார். "எங்கள் வேலையை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் மருந்துக் குப்பி தீர்ந்ததும் இன்னொன்று வாங்க வரவில்லை. நன்றாகத் தெரிகிறதே, பாஸ் ஆகிவிட்டோமே என்று விட்டுவிட்டிருக்கிறார்.

ஸ்கேன் படத்தில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாக இருந்தது. உள்ளே சின்னச் சின்ன நீர்க் குமிழிகள். டாக்டர் பென்சிலால் அந்த மேட்டைச் சுட்டிக் காட்டி, இங்கே நீர் கோத்திருக்கிறது, அறுவையில் தப்பில்லை, சிலருக்கு இப்படி வரும், மருந்தில் வற்றலாம், வற்றாவிட்டால் கண்ணோரம் ஓர் ஊசி போடலாம் என்றார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று லெட்சுமணன் ஐயா கேட்டதற்கு, தெரியாது என்றார். தெரியாது என்று சொல்ல டாக்டர் ரொஹானி ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

மருந்தில் பாதிதான் வற்றியது. ஊசி போட்டார்கள். லெட்சுமணன் ஐயா மூன்று மாதம் ஒரு நேரம் தவறாமல் சொட்டு விட்டார். எத்தனை மணிக்கு விட்டேன் என்று ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதியும் வந்தார். அவர் அனுப்பிய நாலு பேரில் ஒருவரும் பயந்து ஓடவில்லை. மாறாக, மருந்து தீர்ந்த மறுநாளே குப்பியோடு வாசலில் வந்து நின்றார்கள்.

இதற்கிடையில் என் தப்பு கோப்பில் ஏறி, கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் கண்காணிப்பாளர் கையில் சேர்ந்தது. அதை இரண்டு முறை படித்தார். தப்பு நடந்திருக்கிறது, அதனால்தான் ஒரு கண் தப்பியிருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று அவருடைய படிவத்தில் இடமில்லை. கடைசியில் 'ஊழியருக்கு மறுபயிற்சி' என்று எழுதிவிட்டுப் போனார். அட்டை மாற்றுவது எப்படி என்று எனக்கு மறுபயிற்சி கொடுத்தவள் ஃபாரா என்ற இளம் தாதி. இரண்டு மாதத்துக்கு முன்பு அட்டை மாற்றுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இருவரும் முகத்தை அசைக்காமல் செய்து முடித்தோம். அடுத்த வாரம் டாக்டர் மூன்றாவது அட்டை ஒன்றை வரவழைத்து, இனி யாருக்கும் ஒரே அட்டை தொடர்ந்து வரக் கூடாது என்று வழிகாட்டியில் எழுதினார். கவிதா பார்த்த வரி அதுதான்.

கடைசிச் சோதனைக்கு லெட்சுமணன் ஐயா மருத்துவமனைக்கே வந்தார். கூட சின்னையா ஐயா, வழக்கம்போல் ஓட்டுநராக. அவருடைய சோதனை முந்திய நாளே முடிந்திருந்தது. அறுபத்தேழு.

லெட்சுமணன் ஐயா இந்த முறை லோரி நம்பர்போல் படிக்கவில்லை. ஓர் எழுத்து, ஒரு மூச்சு. மேல் வரிகள் தெளிவாக வந்தன. பத்தாவது வரிவரை ஒன்றும் விடவில்லை. பதினொன்றில் நின்றார்.

"இது தெரியல மிஸ்ஸி."

"ஊகிச்சாவது சொல்லுங்க ஐயா."

"ஊகிக்க மாட்டேன். ஒருதடவை பட்டதே போதும்."

விதிப்படி ஒருமுறைதான் கேட்கலாம். நான் காத்திருந்தேன். அவர் முகத்தைச் சுளித்து, கழுத்தை நீட்டி, அந்த வரியில் இரண்டு எழுத்து சொன்னார். இரண்டும் சரி. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. ஐம்பத்திரண்டு. முழுசாகத் திரும்பவில்லை, இனி அதற்கு மேல் போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் நாலு இல்லை. கிளம்பும்போது என் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைக் குனிந்து பார்த்து, "பத்மா," என்று படித்துவிட்டுப் போனார்.

நான் கோப்புகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாசலில் சின்னையா ஐயா சாவியோடு நின்றிருந்தார்.

"எத்தனை சம்பந்தி?"

லெட்சுமணன் ஐயா விரலைப் பார்த்தார்.

"அம்பத்தி ரெண்டு. உள்ளது அவ்வளவுதான். உங்களுக்கு நேத்து எத்தனை?"

சின்னையா ஐயா சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு அம்பதுதான் வந்துச்சு," என்றார். "வயசாச்சு இல்ல."

லெட்சுமணன் ஐயாவின் முதுகு நேரானது. சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னையா ஐயாவின் தோளில் கையைப் போட்டார்.

"விடுங்க சம்பந்தி. அம்பதே நல்ல மார்க்குதான்," என்றார். "சொட்டு மருந்தை ஒழுங்கா விடுங்க. நேரம் எழுதி வைக்கறது எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

"சரி சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, சின்னையா ஐயா அவருக்குக் காடிக் கதவைத் திறந்துவிட்டார்.